மூன்று தெரிவுகளும் ஒரு மாற்றுச் சம்பந்தமும்

புலமைப்பரிசில் தருகிறவர்கள் சயந்தினியிடம் கேட்டது மூன்று பெயர்கள்தான். உலகத்தில் எந்த மூன்று பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புப் படிக்க விருப்பம் என்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். படிப்பு, பயணம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

அவள் முதல் சுற்றில் தெரிவான செய்தி வந்த அன்று, அம்மா நாகபூசணி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்ததும், அப்பா சிவகுரு சரவணைச் சந்திவரை நடந்துபோய்க் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னதும் ஊருக்கே தெரியும். அந்த மகிழ்ச்சி இன்றைய காலைச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடித்தது.

இன்று பின்னேரத்தோடு இரண்டாம் சுற்றுக்கான விண்ணப்பம் மூடுகிறது. அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஒருமுறை கடைசியாகப் பார்த்துவிட்டு அனுப்புவோம் என்று சயந்தினி மடிக்கணினியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

அவள் போட்டு வைத்த மூன்று இடங்களையும் காணவில்லை.

முதலாவதாக நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். இரண்டாவதாக அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட். மூன்றாவதாக டென்மார்க்கில் ஒரு கடற்கரைப் பட்டணம். கடல் சூழ்ந்த தாழ்ந்த நிலத்தில் நன்னீரை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் படிப்பிக்கிற இடங்கள் அவை. ஊர்காவற்றுறையில் நீர் அலுவலகமொன்றில் உத்தியோகம் பார்க்கிற சயந்தினிக்கு, தீவுக் கிணறுகளில் வருடா வருடம் உப்பு ஏறுவதை அளந்து அளந்து அலுத்துவிட்டது. ஏறுகிற உப்பை இறக்குவது எப்படி என்று அறிய வேண்டும். அதற்காக எத்தனையோ பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களை வாசித்து, பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்தவற்றில் வடித்தெடுத்த மூன்று இடங்கள்.

இப்போது அந்த இடத்தில் ரொறன்ரோ, ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊர், அதற்கும் பக்கத்து ஊர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. அவள் எழுதிய கட்டுரையின் கடைசியிலும் புதிதாக ஒரு வசனம் முளைத்திருந்தது. என் அண்ணன் இந்நகரில் வசிப்பதால் எனக்குத் தங்குமிடப் பிரச்சினை இல்லை என்று.

யாருடைய கைவேலை என்று யோசிக்கத் தேவையில்லை. தீவுப்பகுதியில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டில் ஓர் அண்ணன் இருந்தால், அந்த வீட்டின் எந்த விண்ணப்பமும் முதலில் அவன் கைக்குப் போய்த்தான் வரும். இங்கே பட்டம் எடுத்தவளைவிட அங்கே பேக்கரியில் மா குழைக்கிறவனுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியும் என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத கொள்கை. அம்மா நச்சரித்ததால் சயந்தினியும் போன கிழமை அண்ணன் நிமலனுக்குக் கடவுச்சொல்லை அனுப்பியிருந்தாள். கட்டுரையை ஒருக்கால் பார்க்கட்டும் என்று.

அழைத்தவுடன் எடுத்தான். பேக்கரியில் இரவு வேலை போலும். பின்னால் இயந்திரம் இரைந்தது.

"ஓம், நான்தான் மாத்தினனான்," என்றான், ஒளிவுமறைவு இல்லாமல். "ஒல்லாந்தில உனக்கு ஆர் இருக்கினம்? இஞ்ச நான் இருக்கிறன்."

"அங்க என்ர படிப்பு இருக்கு அண்ணா."

"படிப்பு எங்கதான் இல்லை?"

"நீ போட்ட மூண்டு இடத்தில ரெண்டில என்ர பாடமே இல்லை. அதையாவது பாத்தனியே?"

"அதெல்லாம் பிறகு பாக்கலாம். முதல்ல வந்து இறங்கு."

"திரும்பி வருவன் எண்டு கையெழுத்து வைக்கிறன். எனக்குப் படிப்பிச்ச ஜெனீற்றா மிஸ் எனக்காகக் கடிதம் எழுதித் தந்தவா, இவள் கட்டாயம் திரும்பி வருவாள் எண்டு."

நிமலன் சிரித்தான். "கையெழுத்துத்தானே. எல்லாரும் வைக்கிறதுதான். வந்தாப்பிறகு ஆர் திரும்பிப் போறது?"

அந்தச் சிரிப்பு சயந்தினிக்குப் பிடிக்கவில்லை. ஒருவருடைய நம்பிக்கையை ஏமாற்றுவதில் ஒரு கெட்டித்தனம் இருப்பதாக நினைக்கிறவனின் சிரிப்பு அது. இத்தனை வருடமும் இவனுக்கா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கோயிலில் அருச்சனை செய்தோம் என்று இருந்தது.

"மத்தியானம் நான் முந்தி வாடகைக்கு இருந்த வீட்டுக்கார மங்கை மாமி அங்க வருவா," என்றான் அவன். "மரியாதையா நட. உன்ர வாயைக் காட்டாத." அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

சயந்தினி முதலில் செய்த வேலை கடவுச்சொல்லை மாற்றியதுதான். பிறகு அப்பாவைத் தேடிக்கொண்டு போனாள்.

சிவகுரு வேலிக்கரையில் கதியால் தடிகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மகளைக் கண்டதும் அவருடைய பழைய பகிடியை எடுத்தார். "என்ன பிள்ளை, டெல்ஃப்டுக்கு அனுப்பிப் போட்டியே? குறிகட்டுவானில வள்ளம் ஏறினால் பின்னேரம் திரும்பி வரலாமெல்லே." நெடுந்தீவுக்கும் டெல்ஃப்ட் என்று பெயர் இருப்பதை வைத்து அவர் இரண்டு மாதமாகச் சொல்லிச் சிரிக்கிற பகிடி. இன்றைக்கு அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா எல்லாத்தையும் ரொறன்ரோவா மாத்தி வைச்சிருக்கிறான். உங்களுக்குத் தெரியுமே அப்பா?"

சிவகுரு கயிற்றை இறுக்கினார். இறுக்கின கயிற்றை மறுபடியும் இறுக்கினார். அவருக்குத் தெரியும்.

"நிமலன்ர அகதி வழக்குப் போன வருசமே விழுந்திட்டுது பிள்ளை. அங்க அவன் களவா நிக்கிறான். இண்டைக்கு வரப்போற மங்கையற்கரசியின்ர பெட்டை கம்சிகா கனடாப் பிரசை, அவளைக் கட்டினால் அவனுக்கு ஒரு வழி பிறக்கும். அவை இறுப்பிட்டி ஆக்கள், எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம். ஆனால் சும்மா பெட்டையைத் தருவினமே? அவையின்ர பெடியன் சதீசனுக்கு உன்னைக் கேக்கினமாம். மாற்றுச் சம்பந்தம்."

மாற்றுச் சம்பந்தம் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. இந்த வீட்டு அண்ணனும் தங்கையும் அந்த வீட்டுத் தங்கைக்கும் அண்ணனுக்கும். சீதனப் பேச்சு இல்லை. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்குப் பிணை. ஒரு வீட்டில் கண்ணீர் விழுந்தால் மறு வீட்டிலும் விழும் என்ற பயத்தில் இரண்டு வீடும் ஒழுங்காக ஓடும் என்பது கணக்கு.

"அப்ப புலமைப்பரிசில்?"

"ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வருசக்கணக்காகுமாம். இதெண்டால் புலமைப்பரிசில்காரரே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விடுவாங்கள்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கதியாலைப் பிடித்தார்.

உப்புத் தண்ணீருக்கு வழி தேடும் படிப்பு, அவள் கண்விழித்து எழுதிய கட்டுரை, ஜெனீற்றா மிஸ்ஸின் கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து இவர்கள் ஒரு மணப்பெண்ணை ஏற்றுகிற செலவில்லாத வாகனமாக்கிவிட்டார்கள். அதையும் அவளுக்குத் தெரியாமல். கோபம் என்றால் கத்தித் தீர்க்கலாம். இது கோபமில்லை, அருவருப்பு. தொட்ட கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் வாசலில் வான் வண்டி வந்து நின்றது.

மங்கையற்கரசி, நயினாதீவு அம்மன் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்தவர். திருவிழா விரதம் முடிந்து இன்றைக்குத்தான் மீன் மச்சம் சமைக்கத் தொடங்குகிற நாள் என்பதால் நாகபூசணி காலையிலேயே நண்டு வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். மாமிக்குப் பின்னால் கம்சிகா இறங்கினாள். மெலிந்த பெண், கைபேசியைக் கையில் வைத்திருந்தாளே தவிரப் பார்க்கவில்லை.

"நீர்தான் சயந்தினியோ? படத்தில பாத்ததிலும் கொஞ்சம் கறுப்பு," என்றார் மங்கை மாமி, கதிரையில் இருக்க முன்பே. "பரவாயில்லை, அங்கத்தைக் குளிருக்கு வெளுத்திடும்."

நாகபூசணி சிரித்தாள். அம்மா அப்படிச் சிரிப்பதைச் சயந்தினி இதற்குமுன் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் கடன் சொல்லப் போகிறவள் கடை வாசலில் நின்று சிரிக்கிற சிரிப்பு.

மாமி வானிலிருந்து ஒரு பெட்டி போத்தல் தண்ணீர் இறக்குவித்திருந்தார். குடிப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாப்பிட முன்பு இரண்டு போத்தலைத் திறந்து கையைக் கழுவினார், பிறகு இன்னொன்றைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். "குறை நினைக்காதேங்கோ நாகபூசணி. உங்கட கிணத்துத் தண்ணி பட்டால் எனக்குத் தோல் கடிக்குது." பக்கத்து வீட்டுச் சனம் தண்ணீர் பவுசர் வண்டி வரும் என்று வெறுங்குடத்தோடு வாசல் ஒழுங்கையில் நின்றது. மாமி கழுவிய தண்ணீர் அவர்கள் காலடி வரைக்கும் ஓடியது.

நண்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே மாமி கல்யாணத்தையும் படிப்பையும் ஒன்றாகத் திட்டமிட்டார்.

"ஒரு தவணை கம்பஸ் பக்கம் போய்த் தலையைக் காட்டினால் காணும். பிறகு என்ர தங்கச்சி நடத்துற டேகேயரில வேலை எடுத்துத் தாறன். இந்தத் தண்ணிப் படிப்பு அங்க ஆருக்கு வேணும்? அங்க பைப்பைத் திறந்தால் தண்ணி வருது."

"படிச்சு முடிய நான் இஞ்ச திரும்பி வரவேணும் மாமி," என்றாள் சயந்தினி.

"சொல்லுறதுதானே பிள்ளை. நாங்களும் போகேக்க அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனனாங்கள்." மாமி விரலைச் சூப்பினார். "சதீசன் நல்ல பெடியன். முதல் ஒருத்தி வந்தவள்தான். எங்கட ஆக்கள் இல்லை, ஒத்துவரேல்லை. விட்டுப்போட்டுப் போயிட்டாள்."

சிவகுருவின் கை சோற்றில் நின்றது. முதல் ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாகபூசணி மாமியின் சாப்பாட்டுக் கோப்பைக்குக் குழம்பு வார்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

சாப்பாடு முடிந்து கம்சிகா கை கழுவப் பின்வளவுக்கு வந்தாள். போத்தல் தண்ணீரை அவள் தொடவில்லை. கிணற்றடியில் வாளியை எடுத்து அவளே அள்ளினாள். பின்னாலே வந்த சயந்தினி கயிற்றைப் பிடித்துக் கொடுத்தாள்.

"நான் உங்களிட்ட ஒண்டு சொல்லோணும் அக்கா," என்றாள் கம்சிகா. அவளுடைய தமிழ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி வந்தது. "அம்மா மாற்றுக் கேக்கேல்லை."

"பின்னை?"

"எங்கட வீட்டில ஆரும் கேக்கேல்லை. அம்மாவுக்கு நிமலனைப் பிடிக்கும். எங்கட வீட்டு பேஸ்மெண்டில மூண்டு வருசம் வாடகைக்கு இருந்தவர்தானே. பேப்பர் இல்லாட்டியும் பரவாயில்லை எண்டு அம்மா சொன்னவா. அப்பாதான் யோசிச்சவர். அப்ப நிமலனாத்தான் சொன்னவர், சதீசன் அண்ணாவுக்கு என்ர தங்கச்சியைத் தாறன் எண்டு."

வாளி கிணற்றுக்கட்டில் இடித்துத் தண்ணீர் சிந்தியது.

"உங்கட அண்ணாவின்ர முதல் மனுசி ஏன் போனவா?" என்று கேட்டாள் சயந்தினி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அடிப்பான். கதவைப் பூட்டிப்போட்டு அடிப்பான். ஒருக்கால் பொலிஸ் வந்தது. நிமலன் கீழ இருந்தவர், அவருக்கு எல்லாம் கேக்கும். அடுத்த நாள் என்னைக் கண்டால் வேற கதை கதைப்பார்." கம்சிகா கைகளைப் பாவாடையில் துடைத்தாள். "அப்பாவிட்ட அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? என்ர தங்கச்சி பொறுமைசாலி, எதையும் தாங்குவாள் எண்டு. நான் கதவுக்குப் பக்கத்தில நிண்டனான். எனக்கு அவரைப் பிடிச்சுத்தான் இருந்தது. அதோட விட்டுப்போச்சு."

சயந்தினி கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கம்சிகா அவள் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்தாள்.

பொறுமைசாலி. சின்ன வயதில் நிமலன் அவளுடைய பென்சில் பெட்டியைப் பறித்தபோதும், அவளுக்கு வந்த சைக்கிளை அவனே ஓடித் தேய்த்தபோதும், அம்மா சொன்ன அதே சொல். அவள் பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லித்தான் அவளிடமிருந்து எடுத்தார்கள். இப்போது அதே சொல்லால் நிமலன் அவளைக் கைமாற்றியும் விட்டான்.

குசினிக்குள் நாகபூசணி நண்டு ஓடுகளை ஒரு சட்டியில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"சதீசன் மனுசிக்கு அடிக்கிறவன் எண்டு உங்களுக்குத் தெரியுமே அம்மா?"

நாகபூசணி நிமிரவில்லை. "நிமலன் சொன்னவன். அவள் வாய்க்காரியாம். அவன் குடிச்சால்தானாம் அடிக்கிறது. உனக்கு அப்பிடிச் செய்யமாட்டான்."

"ஏன், எனக்கு அடி நோகாதே?"

"உன்ர அண்ணனைப் பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள் பிள்ளை. வெறுங்கையோட வந்து நிண்டானெண்டால் ஊருக்குள்ள நாங்கள் தலைகாட்ட ஏலுமே? அவன் ஆம்பிளைப் பிள்ளை. நீ எங்கயும் சமாளிப்பாய்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. சயந்தினி அம்மாவின் கைகளைப் பார்த்தாள். நகத்துக்குள்ளே நண்டின் கறுப்பு ஏறியிருந்தது. சின்ன வயதிலிருந்து தனக்குச் சோறு ஊட்டிய கை. முதன்முறையாக அந்தக் கை தன்னைத் தொடக்கூடாது என்று நினைத்தாள்.

அவள் நேரே விறாந்தைக்குப் போனாள். மடிக்கணினியை எல்லோருக்கும் நடுவில் மேசையில் வைத்துத் திறந்தாள். மங்கை மாமி பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். சிவகுரு கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"இண்டையோட இது மூடுது மாமி. நீங்கள் இருக்கேக்கயே அனுப்பிறன்."

"ஓமோம், அனுப்பும் அனுப்பும்," என்றார் மாமி மகிழ்ச்சியோடு.

சயந்தினி வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே போட்டாள். முதலாவது, டெல்ஃப்ட். இரண்டாவது, அடிலெய்ட். மூன்றாவது, டென்மார்க். கட்டுரையில் நிமலன் செருகிய வசனத்தை அழித்தாள்.

மங்கை மாமியின் பல்லுக்குச்சி நின்றது. "இதென்ன சிவகுரு அண்ணை? எங்களைக் கூப்பிட்டு வைச்சு விளையாட்டே?"

"பிள்ளை, கொஞ்சம் பொறு," என்று எழுந்தார் சிவகுரு. எழுந்தவர் மகளின் பக்கமாக இரண்டு அடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மாமியின் பக்கம் திரும்பினார். "முதல் ஒருத்தி இருந்ததை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை மங்கையற்கரசி."

"உங்கட மகன் சொல்லேல்லையே?"

சிவகுரு மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டார். அந்த இடைவெளியில் சயந்தினி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் கிடைத்தது என்று திரையில் வந்தது. அவ்வளவுதான், இனி எந்த அண்ணனாலும் அதை மாற்ற முடியாது.

மாமி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கம்சிகா கடைசியாக இறங்கினாள். சயந்தினியின் முழங்கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். வான் ஒழுங்கை திரும்பும்போதே மாமி கைபேசியில் கத்துவது கேட்டது. யாரோடு என்று சொல்லத் தேவையில்லை.

கொஞ்ச நேரத்தில் நாகபூசணியின் கைபேசி அடித்தது. அவள் கேட்டாள், அழுதாள், பிறகு கைபேசியை மகளிடம் நீட்டினாள். சயந்தினி அதை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அப்பாவுக்கும் கேட்கட்டும்.

"என்ர வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டாய்," என்றான் நிமலன். குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "நீ ஒல்லாந்துக்குப் போயிடுவாய் எண்டு நினைக்காத. உனக்கு இன்னும் நேர்முகம் இருக்கு. அவங்களுக்கு ஒரு பெட்டிசம் போட்டால் காணும். இவள் திரும்பிவர மாட்டாள், கனடாவில கலியாணம் பேசியிருக்கு எண்டு. சாட்சிக்கு மங்கை மாமி இருக்கிறா."

சிவகுரு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பெட்டிசம் போடு," என்றாள் சயந்தினி. "ஆனால் மொட்டைப் பெட்டிசம் போடாத. உன்ர பேரைப் போட்டு, விலாசத்தையும் போட்டுப் போடு."

அவள் கைபேசியின் பக்கமாகக் குனிந்தாள்.

"போடாட்டியும் பரவாயில்லை அண்ணா. உன்ர விலாசம் எனக்குத் தெரியும். நீ வேலை செய்யிற இடமும் தெரியும். அதை அங்க குடிவரவில ஆருக்கு அனுப்பவேணும் எண்டு தேடிப் பிடிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீசும் தெரியும்."

மறுமுனையில் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது கைபேசியைப் பொத்திப் பிடித்திருக்க வேண்டும். மூச்சு வாங்குவது கேட்டது. "சயந்தி," என்றான், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி. பிறகு அழைப்பு அறுந்துவிட்டது.

நாகபூசணி மகளை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன் வாயிலிருந்து வந்த குரல் தன்னுடையதில்லை, அது நிமலனுடைய குரல் என்று சயந்தினிக்குத் தெரிந்தது. ஆளை வைத்து ஆளை மடக்குகிற அதே குரல், இந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுவான குரல். காலையிலிருந்து அவளுக்குச் சுற்றியிருந்தவர்கள் மேலே இருந்த அருவருப்பு இப்போது அவள் மேலேயே வந்து ஒட்டியது.

"அவனுக்குத் திரும்ப எடுத்து, சும்மா சொன்னனான் எண்டு சொல்லு பிள்ளை," என்றாள் நாகபூசணி. "நீ அப்பிடிச் செய்யமாட்டாய்தானே?"

சயந்தினி கைபேசியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாது அம்மா," என்றாள்.